ஒரு நூல் மூடாத சிலைடு

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த படையிலிருந்து ஒரு போன் வந்தது. ஆண்டு மலர் போடுகிறார்களாம். "முப்பத்து மூணு வருஷம் ஆர்மரரா இருந்துகீறீங்க, மறக்க முடியாத சம்பவம் ஒண்ணு எழுதிக் குடுங்கண்ணா" என்று கேட்டார்கள். அப்படியே பேச்சுவாக்கில், "இப்பல்லாம் ரெஜிஸ்டரே கெடயாது. எல்லாம் டேப்லதான். வேல முடிஞ்சதுன்னு தட்டினா பச்சையா டிக் வந்துரும்" என்றும் சொன்னார்கள்.

அந்தப் பச்சை டிக்தான் என்னை எழுத உட்கார வைத்தது. அவர்கள் எதிர்பார்ப்பது ஏதாவது மெடல் வாங்கிய கதையாக இருக்கலாம். எனக்கு மறக்க முடியாதது வேறு. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

என் பெயர் சாமுவேல். ஊர் செங்கல்பட்டுக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, படையில் சேர்ந்து, வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதம் இந்தியும் துப்பாக்கியும் சேர்த்துக் கற்றுக்கொண்டு ஊர்ப்பக்கமே வந்து சேர்ந்தேன். எங்கள் படையின் வேலை, கடற்கரையோரம் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தைக் காவல் காப்பது. எந்தப் படை, எந்த நிறுவனம் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஆர்மரர் என்றால் துப்பாக்கி மெக்கானிக். காவலர்கள் கையில் இருக்கும் ஆயுதம் தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யவேண்டும்; அதற்கு அவன் பொறுப்பு. எங்கள் ஆர்மரியில் பிஸ்டல்கள்தான் அதிகம். பிஸ்டல் சுட்டதும் அதன் மேல்பாகம், சிலைடு என்போம், பின்னால் ஓடிக் காலிக் கூட்டைத் துப்பிவிட்டு, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிக்கொண்டு முன்னால் வந்து மூடும். அப்படி முன்னால் தள்ளிவிடுவது பேரல் என்னும் குழலுக்குக் கீழே இருக்கும் ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் வளையாமல் ஓட நடுவில் ஒரு கம்பி உண்டு. அது கைடு ராடு. விரல் நீளச் சாமான்கள்தான் இரண்டும். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் சிலைடு முழுதாக மூடாது. மூடாத பிஸ்டல் சுடாது. அதனால் இத்தனை ரவுண்டு சுட்டதும் மாற்றவேண்டும் என்று கணக்கு இருக்கிறது. எங்கள் இடத்தில் அந்தக் கணக்குக்கு முன்பே மாற்ற வேண்டிவரும். சதுரங்கப்பட்டினத்துக் கடல்காற்றில் எந்த இரும்பும் வெகுநாள் தாங்காது.

மாற்றும் முறை எளிது. தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றவேண்டும். சிலைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்கவேண்டும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு சிலைடைக் கழற்றித் துணிமேல் மல்லாத்தி, கைடு ராடின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தித் தூக்கவேண்டும். உள்ளங்கை அதைப் போர்த்திக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் தெறித்துக் கண்ணுக்கு வரும். பழைய ஸ்பிரிங்கையும் புது ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால் எந்த அளவுகோலும் வேண்டாம். பழையது குட்டையாக இருக்கும். புதியதைக் கோத்துப் பூட்டிய பிறகு சிலைடைக் கையால் பிடித்துக்கொண்டே மெதுவாக முன்னால் விடவேண்டும். அதுவாக நகர்ந்து கடைசிவரை போய் மூடினால் வேலை முடிந்தது. ஒரு பிஸ்டலுக்கு எனக்குப் பத்து நிமிஷம்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருஷம் முன்பு, இருபது பிஸ்டல்களுக்குப் புது ஸ்பிரிங்கும் ராடும் ஒரு தகர டப்பாவில் வந்தன. ஒவ்வொரு ஜோடியும் எண்ணெய்த் தாளில் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. காலையில் வேலையை ஆரம்பித்தேன். எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எண்ணெய்க் கையோடு ரெஜிஸ்டரைத் தொட்டால் பக்கம் கறையாகும். அதனால் கை சுத்தமாக இருக்கும்போதே இருபது எண்களையும் எழுதி, 'மாற்றப்பட்டது' என்று போட்டு, இருபது கையெழுத்தும் போட்டுவிடுவேன். பிறகுதான் வேலை. இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒருவரும் கேட்டதில்லை, ஒரு தவறும் நடந்ததில்லை.

பதினோரு பிஸ்டல் முடித்திருந்தேன். பன்னிரண்டாவதைக் கழற்றிவைத்திருந்தபோது போன் அடித்தது. என் தம்பியின் வண்டி நெம்மேலிக்குப் பக்கத்தில் லாரியில் மோதிவிட்டது என்றார்கள். கழற்றியதை இருந்த ஸ்பிரிங்கோடே பூட்டினேன். எல்லாவற்றையும் ரேக்கில் வைத்தேன். டப்பாவை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. சாவியை ஒப்படைத்துவிட்டு ஓடினேன். தம்பி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனான்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தேன். ரெஜிஸ்டரைத் திறந்தேன். இருபது எண், இருபது கையெழுத்து. எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் காலைப்பொழுதை நினைத்துப் பார்க்க என் மனசு இடம் கொடுக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினேன்.

ஐந்து மாதம் போனது. தேவகி என்று ஒரு பெண் காவலர் எங்களிடம் இருந்தாள். மெய்க்காவல் பயிற்சிக்கு எங்கள் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்புவதாக இருந்தது. அதில் அவள் பெயர் முதலில் இருந்தது. குறிபார்த்துச் சுடுவதில் தேறினால் போதும். முப்பது ரவுண்டு, குறிப்பிட்ட நேரத்துக்குள். அவளுடைய பிஸ்டல் மூன்று முறை நின்றது. ஒவ்வொரு முறையும் தட்டி, இழுத்து, சரிசெய்து சுடுவதற்குள் நேரம் போய்விட்டது. மறுவாரம் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அன்றும் இரண்டு முறை நின்றது.

பிஸ்டலை இறுக்கிப் பிடிக்காமல் மணிக்கட்டு தளர்ந்தாலும் இப்படி நிற்கும். சுடுமிடமான ரேஞ்சில் இருந்த அதிகாரி, "பிடி சரியில்லை. லேடீஸ் கை" என்று முடித்துவிட்டார். ஆயுதத்தில் குறை இருக்கிறதா என்று எழுதித் தர வேண்டியது நான்.

தேவகி ஆர்மரிக்கு வந்தாள். சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னாள்.

"சாமுவேல்ணா, கூடு எதுவும் சிக்கல. வெளிய போயிடுது. தோட்டாவும் உள்ள போவுது. கடசில ஒரு நூல் மூட மாட்டேங்குது. கட்டவெரலால தள்ளுனா மூடிக்குது."

"ஸ்பிரிங் புதுசும்மா. அஞ்சு மாசம்கூட ஆவல."

"ஒருவாட்டி பாத்துடுங்கண்ணா."

இப்போது எழுதும்போதே உடம்பு கூசுகிறது. பிஸ்டலின் நோயை அவள் அப்படியே சொல்லிவிட்டாள். பிடி தளர்ந்தால் பெரும்பாலும் காலிக் கூடு வாயில் மாட்டிக்கொண்டு நிற்கும். கடைசி ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், மூடவில்லை என்றால் முதலில் ஸ்பிரிங்கைத்தான் பார்க்கவேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. நான் என்ன செய்தேன்? ரெஜிஸ்டரைப் பார்த்தேன். என் கையெழுத்து இருந்தது. பிஸ்டலை எடுத்துப்போய் நானே பத்து ரவுண்டு சுட்டேன். நன்றாகத் துடைத்து எண்ணெய் விட்டு, ஃபிட்டர் கையால் நெறித்துப் பிடித்துச் சுட்டேன். பத்தும் ஓடியது. 'ஆயுதத்தில் குறை இல்லை. ஸ்பிரிங், கைடு ராடு புதியவை' என்று எழுதிக் கொடுத்தேன்.

தேவகியின் பெயர் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. ஆயுதம் ஏந்தும் பணியிலிருந்தே எடுத்து, வாசலில் வருகிறவர்களுக்குப் பாஸ் எழுதும் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். அவளுடைய பிஸ்டல் ரேக்கில் சும்மா கிடந்தது.

மேலும் ஒன்பது மாதம் போனது. இதற்கிடையில் பழைய ஆய்வாளர் மாற்றலாகிப் போய், பரமசிவம் என்பவர் வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆர்மரிக்குள் வந்தால் உட்காரமாட்டார். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டுத்தான் ஆயுதத்தைத் தொடுவார். எதைச் சொன்னாலும், கண்ணால் பார்த்ததா ஏட்டில் படித்ததா என்று அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "பார்த்தீங்களா, படிச்சீங்களா?" ரேக்கில் நாற்பது இருக்கிறது சார் என்றால், பார்த்தீங்களா, படிச்சீங்களா? பூட்டு சரியாக இருக்கிறது சார் என்றாலும் அதேதான். முதல் மாதம் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷ சர்வீஸ் உள்ளவனை இப்படியா கேட்பது என்று வீட்டில் வந்து புலம்பியிருக்கிறேன்.

ஆண்டுச் சுடும் பயிற்சி வந்தது. முதல் வரிசையில் மாணிக்கம் நின்றான். தலைமைக் காவலர். சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. வலை இழுத்து உரமேறிய கை. கை குலுக்கினால் நமக்கு வலிக்கும். எட்டாவது ரவுண்டில் அவன் பிஸ்டல் நின்றது. சரிசெய்தான். பதினான்காவதில் மறுபடி நின்றது. அவன் பிஸ்டலை, குண்டு போய்ப் புதையும் மண்மேட்டுப் பக்கம் பிடித்தபடியே என்னைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணாத்த, இன்னாது இது? கடசில மூட மாட்டேங்குது!"

அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். மாணிக்கத்தின் கை தளர்ந்தது என்று இந்தக் கடற்கரையில் யார் சொல்வார்கள்?

ஆர்மரிக்குக் கொண்டுபோய்க் கழற்றினேன். உள்ளங்கையில் வந்து விழுந்த ஸ்பிரிங்கைப் பார்த்தபோது எனக்கு உடனே புரியவில்லை. சாம்பல் நிறத்தில், அங்கங்கே துருப்புள்ளியோடு, குட்டையாக இருந்தது. ராடின் ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது. பல வருஷம் ஓடிய சாமான். ரெஜிஸ்டரைப் பார்த்தேன். அதே எண். மாற்றப்பட்டது. என் கையெழுத்து.

என்னோடு இன்னொரு ஆர்மரர் இருந்தான், ரஃபி. என்னைவிடப் பத்து வயது சின்னவன். நான் அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தையை மறைக்கமாட்டேன்.

"இன்னா ரஃபி, புது ஸ்பிரிங்க எட்த்துட்டு பழச மாட்டிவுட்டியா?"

அவன் முகம் செத்துப்போனது. "நானா? நான் இன்னாத்துக்குண்ணா அதச் செய்யப்போறேன்?" என்றான். விறுவிறுவென்று அலமாரியைக் காலிசெய்ய ஆரம்பித்தான். எண்ணெய் டின், துணிக்கட்டு, பழைய பிரஷ் எல்லாவற்றையும் தரையில் எடுத்துவைத்தான். கடைசித் தட்டில், டின்களுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி அந்தத் தகர டப்பா இருந்தது. அவன் அதைத் திறக்காமலே என் முன்னால் மேசையில் வைத்தான்.

உள்ளே எண்ணெய்த் தாள் பிரிக்காத ஒன்பது ஜோடிகள் இருந்தன.

இருபதும் மாட்டியாயிற்று, இருப்பு இல்லை என்று ஏட்டில் எழுதியிருந்தது. இல்லாத சாமானை யார் தேடுவார்கள்? அதனால் அந்த டப்பா பதினான்கு மாதம் அங்கேயே இருந்திருக்கிறது. பன்னிரண்டாவது பிஸ்டலும், போன் அடித்ததும், இருந்த ஸ்பிரிங்கோடே அதைப் பூட்டியதும் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்பது பேர் பதினான்கு மாதம் நான் போட்ட கையெழுத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு காவல் நின்றிருக்கிறார்கள்.

ரஃபி கதவைச் சாத்திவிட்டு வந்தான். நான் அவன்மேல் சுமத்திய பழி இன்னும் அவன் முகத்தில் இருந்தது. அப்படியும் அவன் சொன்னது இதுதான்.

"இப்பவே மாட்டிடலாம்ணா. ரெண்டு பேரு ஒக்காந்தா ஒரு மணி நேரம். மாணிக்கத்தோடது எண்ணெ இல்லாம நின்னுச்சுன்னு சொல்லிக்கலாம். ரெஜிஸ்டரும் சரியா கீது. யாருக்கு தெரியப்போவுது?"

உண்மையாகச் சொல்கிறேன், நான் முதல் தாளைப் பிரித்துவிட்டேன். புது ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து மாணிக்கத்தின் பழைய ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அரை விரற்கடை வித்தியாசம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது சன்னலுக்கு வெளியே நின்ற தேவகி ஞாபகம் வந்தாள். அவள் பிஸ்டல் இந்த ஒன்பதில் ஒன்றா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டப்பாவையும் ரெஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு ஆய்வாளர் அறைக்குப் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "தம்பி பேரு என்ன?" என்றார். சொன்னேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"எழுதுங்க."

எழுதினேன். 'மேற்படி ஒன்பது ஆயுதங்களுக்குத் தவறுதலாக' என்று ஆரம்பித்ததும் அவர் விரல் தாளின்மேல் வந்தது.

"தவறுதலாகங்கிறத அடிங்க."

அடித்தேன்.

"என்ன நடந்துச்சோ அத எழுதுங்க. வேலை செய்யறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டேன். அப்புறம் பார்க்கல. அவ்வளவுதானே?"

"ஆமா சார்."

"தம்பி செத்ததும் எழுதுங்க. அது நடந்ததுதான். ஆனா கடைசில எழுதுங்க, முதல்ல வேண்டாம்."

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன். ரேக்கில் பார்த்து ஒன்பது எண்களையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். ரஃபியும் நானும் இருபது பிஸ்டல்களையும் கழற்றிப் பார்த்தோம். திரும்பி வந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். அவர் பக்கத்தில் எந்த ஆயுதம் யாருக்கு என்ற பட்டியல் இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர் சொன்னார். ஆறாவது எண்ணைப் படித்ததும் அவர் பெயரைச் சொல்லவில்லை. பட்டியலைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

தேவகி.

அவர் அவளுடைய பணிக்கோப்பை வரவழைத்தார். அதில் மேலாக என் அறிக்கை இருந்தது. 'ஸ்பிரிங், கைடு ராடு புதியவை.' அவர் அதை எனக்குக் காட்டி வழக்கமான கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?" என்றார்.

"நான் சொல்றேன் சார்."

மத்தியானம் கவுண்டருக்குப் போனேன். ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். தேவகி ஒவ்வொருவர் அட்டையையும் பார்த்துப் பாஸ் எழுதிக்கொண்டிருந்தாள். கூட்டம் குறைந்ததும் உள்ளே போய் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். எவ்வளவு சுருக்கமாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு சுருக்கமாக. அவள் பேனாவை மூடிவைத்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தேன்.

"எங்கப்பா பொத்தேரில பரோட்டா கட வெச்சுகினு கீறாருல்லண்ணா," என்றாள். "லீவு நாள்ல போயி நான்தான் மாவு பெசையறேன். ஒன்பது மாசமா. காலைல பத்து கிலோ, சாயங்காலம் பத்து கிலோ. அப்பா வேணாம் வேணாம்னுவாரு. கை பலம் வர்ட்டும்பான்னு சொல்லுவேன்."

என் கண் அவள் கைக்குப் போனது.

"அந்த ஆபீசரு சொன்னப்போ எனக்கு கோவம்தான் வந்துச்சு. நம்பல. நீங்க எழுதிக் குடுத்தீங்க பாருங்க, அப்பதான் நம்புனேன். சாமுவேல்ணா பாத்துட்டு சொல்றாருன்னா நம்ம கைலதான் கொறன்னு." அவள் பேனாவை மறுபடி திறந்தாள். "ஆளுங்க நிக்கறாங்கண்ணா. நீங்க போங்க."

வெளியே வந்து எவ்வளவு நேரம் அந்த வெயிலில் நின்றேன் என்று தெரியாது. தம்பி போனபோது அழாத அழுகையெல்லாம் அங்கே வந்தது.

மேலிடத்து விசாரணை நடந்தது. எனக்கு எழுத்தில் கண்டனம். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதே பதவியில்தான் ஓய்வு பெற்றேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரஃபியிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்கண்ணா" என்றான், ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் தேவகியைப் பற்றி எழுதிய அறிக்கையை ரத்துசெய்து புதிதாக எழுதிக் கொடுத்தேன். அவளை மீண்டும் ஆயுதப் பணிக்கு எடுத்தார்கள். மெய்க்காவல் பயிற்சி மட்டும் கிடைக்கவில்லை. அதற்கு வயது வரம்பு இருந்தது. இடையில் போன அந்த ஒன்பது மாதத்தில் அவள் அதைக் கடந்திருந்தாள். பரமசிவம் சார் இரண்டு முறை மேலே எழுதிப் பார்த்தார். விதி விதிதான் என்று பதில் வந்தது.

அவள் மறுபடி சுட்ட நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். காலை எட்டு மணி, ரேஞ்சில் நல்ல வெளிச்சம். ஸ்பிரிங்கை அவள் கண்ணெதிரில் மாற்றவேண்டும் என்று ஆய்வாளர் சொல்லியிருந்தார். மேசையில் துணி விரித்து, சேம்பரில் விரல் விட்டுப் பார்த்து, கழற்றி, பழையதையும் புதியதையும் அவள் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். பூட்டி, சிலைடை மெதுவாக விட்டுக் காட்டினேன். கடைசிவரை போய் மூடியது.

அவள் கோட்டில் போய் நின்றாள். முப்பது ரவுண்டு. ஒன்றும் நிற்கவில்லை. நேரம் முடிய இன்னும் ஏழெட்டு விநாடி மிச்சம் இருந்தது. குறிப்பலகையைப் பார்த்துவிட்டு மாணிக்கம்தான் முதலில் கைதட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

தேவகி மேகசினைக் கழற்றினாள். சிலைடைப் பின்னால் நிறுத்தி, பிஸ்டலை மேசைமேல் என் முன்னால் வைத்தாள். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை. தன் வலது கையை விரித்து, யாருடைய கையையோ பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இது மொதல்லருந்தே நல்லாத்தான் இருந்துகீதுண்ணா" என்றாள்.